ஓசிப் படத்தோடு வந்த கல்யாணம்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் மேஹாவில் காளிதாசனுக்குத் தெரியாமல் ஒரு தமிழ்ப்படமும் வெளிவந்ததில்லை. சென்னையில் ரசிகர்கள் கட்-அவுட்டின் தலையில் ஊற்றிய பால் கால்வரை வழிந்து வருவதற்குள், இங்கே அவருடைய கைப்பேசியில் படம் பாதி இறங்கியிருக்கும். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வேலையில் இருந்தபோது தூக்கி வைத்த பெட்டிகளைவிட, ஓய்வுக்குப் பிறகு இணையத்திலிருந்து இறக்கிய படங்கள் அதிகம் என்பது அவருடைய கணக்கு. ஊர் அவருக்கு ‘ஓசி காளி’ என்று பெயர் வைத்தது. அவர் அதை அரசாங்கம் தரும் டத்தோ பட்டத்துக்கும் ஒரு படி மேலாகவே வைத்துக்கொண்டார்.

“டத்தோன்னா பேப்பர்ல போட்டாத்தான் ஊருக்குத் தெரியும். இது தானா தெரியுது லா” என்பார்.

அந்தப் படங்களைப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு உடற்பயிற்சி வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் தியேட்டரில் சட்டைப்பைக்குள் கேமராவை ஒளித்து வைத்து எடுத்தது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். காளிதாசன் தலையணையை இரண்டாக மடித்து, கழுத்தை அந்தப் பக்கமே சாய்த்து அதை நேராக்கிக்கொள்வார். கதாநாயகன் தாயை இழந்து கதறும்போது முன்வரிசையில் யாரோ கறுக் மொறுக்கென்று முறுக்கு தின்பார்கள். கதாநாயகி வெட்கப்படும் நேரம் பார்த்துத் திரையின் அடியில் ‘இன்றே விளையாடு, இன்றே கோடீஸ்வரன்’ என்று சூதாட்ட விளம்பரம் ஊர்ந்து போகும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தலை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சுருட்டை முடியும் பெரிய காதுமாக ஒரு தலை எழுந்து, திரையின் குறுக்கே நடந்து கழிவறைக்குப் போகும். எத்தனையோ படங்களில் அதே தலையைப் பார்த்துவிட்டதாகக் காளிதாசன் சத்தியம் செய்வார்.

“பாவம், சர்க்கரை வியாதிக்காரன். உக்காந்து முழுப் படம் பாத்ததே இல்ல” என்று உண்மையாகவே கவலைப்படுவார்.

பினாங்கில் வேலை பார்க்கும் மகள் சாந்தினி, வீட்டுத் தொலைக்காட்சியில் மாதச் சந்தா கட்டி எல்லாப் படமும் வரும்படி செய்து கொடுத்திருந்தாள். அந்த ரிமோட்டைக் காளிதாசன் தொட்டதே இல்லை.

“காசு குடுத்துப் பாக்கறதுக்கு நான் என்னா கிறுக்கனா?”

“உங்க காசு இல்லப்பா, என் காசு.”

“யார் காசா இருந்தா என்னா, காசு காசுதான்.”

இப்படிப்பட்ட மனிதருக்கு வருகிற ஆவணியில் அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது மனைவி பிரேமாவதியின் ஆசை. காரணம் இருந்தது. அவர்களுடைய முதல் கல்யாணத்தன்று தோட்டத்துக் கோயிலில் பெய்த மழையை நோவா பார்த்திருந்தால், மறுபடியும் பேழை கட்ட மரம் வெட்டக் கிளம்பியிருப்பார். போட்டோ பிடிக்க வந்தவரின் கேமராவுக்குள் தண்ணீர் புகுந்து, ஃபிலிம் சுருள் முழுவதும் கறுப்பாக வந்தது. ஊரில் உள்ள எல்லாருடைய வீட்டிலும் கல்யாணப் படம் தொங்குகிறது. பிரேமாவதி மாலையும் கழுத்துமாக நின்றதற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சி இல்லை.

“ஒரே ஒரு படம். மாலையோட. அவ்வளவுதான் கேக்கறேன்.”

“அறுபது வயசுல மாலை போட்டு உக்காந்தா ஊரே சிரிக்கும். அதோட வெத்தலைத் தட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா யாரு போறது? எனக்கு முட்டி வலிக்குது.”

உண்மையில் அந்தத் தட்டுதான் அவருடைய பயம். கெடா மாநிலத்தில் அவருக்குச் சொந்தக்காரர்கள், தோட்டம் தோட்டமாக நிற்கும் செம்பனை எண்ணெய் மரங்களைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. ஒரு வீட்டில் தட்டு நீட்டி அடுத்த வீட்டை விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகும். பிரேமாவதி அதற்குமேல் வாதாடவில்லை. பேச்சையே குறைத்துக்கொண்டாள். “சோறு இருக்கு.” “மழை வருது, துணி கெடக்கு.” இந்த இரண்டு வாக்கியங்களில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை காளிதாசன் படுக்கையறையில் ஒரு முக்கியமான வேட்டையில் இருந்தார். போன மாதம் பார்த்த படம் ஒன்று, சரியாக உச்சக்கட்டத்தில் அறுந்து நின்றுவிட்டது. கேமரா வைத்திருந்தவரைத் தியேட்டர்காரன் பிடித்துவிட்டானோ என்னவோ, கடைசியாகத் தெரிந்தது ஒரு செருப்பு. வில்லன் யார் என்று தெரியாமல் காளிதாசனுக்கு ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை. இன்றைக்குத் தெளிவான பிரதி வந்திருப்பதாகக் கேள்வி. வழக்கமான தளம் மூடிக் கிடந்தது. தேடியதில் புதிதாக ஒன்று அகப்பட்டது. இந்தச் செயலியைப் போட்டுக்கொண்டால் எல்லாப் படமும் தானாக இறங்கும் என்றது. ஹாலில் பிரேமாவதி தொலைக்காட்சியில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று அவர் கவனிக்கவில்லை.

கைப்பேசி முதலில் நல்ல பிள்ளையாக எச்சரித்தது. இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, வேண்டாமே என்றது. காளிதாசன் ‘அனுமதி’ என்று அழுத்தினார். உன் தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்றது. அனுமதி. செய்திகளைப் படிக்கலாமா, அனுப்பலாமா? அனுமதி, அனுமதி. அந்தச் செயலி அன்றைக்கு அவர் இடுப்புக் கைலியைக் கேட்டிருந்தாலும் அனுமதி கொடுத்திருப்பார். அவருக்கு வில்லன் யார் என்று தெரிய வேண்டும்.

படம் வரவில்லை. தங்கக் கிரீடம் வைத்த ஒரு பெண் வந்து சூதாட்டச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணடித்தாள். கைப்பேசி சூடாகத் தொடங்கியது. அதன் முதுகில் அப்பளம் சுட்டிருக்கலாம். கட்டிலில் போட்டுவிட்டு விசிறிக்கொண்டு நின்றபோது ஹாலில் பிரேமாவதியின் கைப்பேசி அடித்தது. சாந்தினி.

“அம்மா, அப்பாவுக்குக் கல்யாணமா?”

“யாருக்கு?”

“அப்பாவுக்கு. எனக்கே வாட்சாப்ல அழைப்பு வந்திருக்கு. மலாய்ல. ‘எங்கள் திருமணத்துக்கு அன்போடு அழைக்கிறோம், அழைப்பிதழைத் திறந்து பாருங்கள்’னு. கீழ ஒரு ஃபைல்.”

பிரேமாவதி கைப்பேசியின் சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்துவிட்டு, சத்தம் கேட்டு ஹாலுக்கு வந்த கணவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

“பொண்ணு யாருங்க?”

காளிதாசன் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாந்தினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. “அப்பா, என்னாத்த இறக்கினீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. ஒரு படம்.”

“படம் இல்லப்பா அது, திருடன். உங்க போன்ல இருக்கற அத்தனை பேருக்கும் கல்யாண அழைப்பு மாதிரி அனுப்பிட்டான். அந்த ஃபைலைத் திறந்து, கேக்கறதுக்கெல்லாம் சரின்னு அமுக்கினா அவங்க போனும் அவன் கைக்குப் போயிரும், பேங்க் செய்தி உள்பட. நீங்க உடனே போனை அணைச்சு சிம்மைக் கழட்டுங்க. அம்மா போன்லேர்ந்து பேங்குக்குக் கூப்புட்டு கணக்கை நிப்பாட்டுங்க. எனக்குத் தெரிஞ்ச குரூப்ல எல்லாம் நான் சொல்லிடறேன். ஆனா கோயில் தலைவர், மீரா சாகிபு மாமா, செர்டாங் அத்தை, இவங்கல்லாம் குரூப்பே பாக்க மாட்டாங்க. அவங்க தொறக்கறதுக்குள்ள யாராச்சும் போய்ச் சொல்லணும்.”

சிம்மைக் கழற்றினார்கள். வங்கிக் கணக்கை நிறுத்தினார்கள். பிறகு பிரேமாவதி மூன்று பேரையும் கூப்பிட்டுப் பார்த்தாள். கோயில் தலைவர் தர்மலிங்கம் அழைப்பைத் துண்டித்தார். செர்டாங்கில் இருக்கும் காளிதாசனின் அக்கா பாப்பம்மாவும் துண்டித்தார். கரங்கானில் கடை வைத்திருக்கும் மீரா சாகிபு எடுக்கவே இல்லை.

“ஏன் பிரேமா கட் பண்றாங்க?”

“பின்ன? கல்யாணத்துக்குத் தட்டு வைக்காம போன்ல கூப்பிட்டா கோவம் வராதா? அதுவும் மலாய்ல. இப்ப ‘அது இல்ல’ன்னு சொல்றதையும் போன்லயே சொல்லுவீங்களா? நேர்ல போனாத்தான் ஆறும். கிளம்புங்க.”

அவள் சமையலறைக்குள் போன வேகமும் வந்த வேகமும் ஒன்றாக இருந்தன. கையில் பெரிய வெள்ளித் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டு, சந்தனம், குங்குமம். தோளில் தொங்கிய பையில் இன்னும் வெற்றிலை.

“மன்னிப்புக் கேக்கறதுக்கு இவ்வளவா?”

“பெரியவங்க வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாது. காடியை எடுங்க.”

தர்மலிங்கத்தின் வீடு அதே தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை. தலைவர் வாசல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் கீழே அவருடைய கைப்பேசி.

“நான் அதைத் தொறக்கவே இல்ல, காளி. செத்த பல்லி மாதிரி மூடி வெச்சிருக்கேன். கோயில் தலைவனுக்கு அழைப்பு இப்படித்தான் வருமா? உனக்குக் காது குத்தினப்ப உன்னைப் பிடிச்சுக்கிட்டவன் நானு.”

“தலைவரே, அது வைரஸ்.”

“கோவிட்டா?”

“போனுக்கு வர்ற வைரஸ். ஒரு படம் இறக்கினேன், அது...”

“எடுத்துக்குங்கண்ணே” என்று பிரேமாவதி குறுக்கே புகுந்து தட்டை நீட்டினாள். தர்மலிங்கம் தட்டைப் பார்த்தார். முகம் வெண்ணெயாக உருகியது. எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கைகளாலும் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைப்பேசியில் வந்ததைக் காளிதாசன் சொன்னபடி திறக்காமலே அழித்தார்.

“சரி, போ. ஆவணில மண்டபம் உங்களுக்குத்தான். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

காரில் ஏறியதும் காளிதாசன் கேட்டார். “என்னா மண்டபம்?”

“அவருக்கு வயசாயிருச்சு. ஏதாச்சும் சொல்லுவாரு. நீங்க ரோட்டைப் பாருங்க.”

கரங்கான் போகிற வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆமை ஒன்று அதை முந்திப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் காளிதாசன் பிறகு பலரிடம் சொன்னார். கரங்கானை அடைந்தபோது மத்தியானக் கூட்டம் மீரா சாகிபின் நாசி கண்டார் சோற்றுக் கடையை நிறைத்திருந்தது. மீரா சாகிபு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு விரலால் கைப்பேசியைக் குத்திக்கொண்டிருந்தார். அந்த விரலில் மீன் தலைக் குழம்பு மோதிரம்போல் கட்டியிருந்தது.

“வா காளி. பொண்ணு யாருன்னு பாக்கலாம்னா இந்தப் போன் தொறக்க மாட்டேங்குது. எவ்வளவு நேரமா அமுக்கறேன். எண்ணெய் போல.”

சொல்லிக்கொண்டே விரலைக் கைலியில் நன்றாகத் துடைத்தார். சுத்தமான விரல் திரையை நோக்கி இறங்கியது. காளிதாசனுக்கு முட்டி வலி மறந்தது. தட்டோடு இரண்டு நாற்காலிகளையும் ஒரு வாளியையும் தாண்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எடுத்த கவளத்தை வாயருகே நிறுத்திப் பார்த்தார்கள். கைப்பேசியைப் பிடுங்கப் போனால் தட்டு கவிழ்ந்துவிடும். தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை மட்டும் பிய்த்து, இறங்கிக்கொண்டிருந்த அந்தக் கைக்குள் திணித்தார்.

“தொடாத பாய்.”

“ஏன்லா, பொண்ணு அவ்வளவு அழகா?”

மூச்சு வாங்கியபடி காளிதாசன் எல்லாவற்றையும் சொன்னார். படம், செயலி, அனுமதி, கிரீடக்காரி, சூடான கைப்பேசி. சொல்லச் சொல்லக் கடையே சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டது. மூலையில் ஒருவர் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தன் கைப்பேசியிலிருந்து எதையோ அவசரமாக அழித்தார். அவரைப் பார்த்து இன்னொருவரும் அழித்தார். பிறகு மேசைக்கு மேசை அழித்தார்கள். கரங்கானில் அத்தனை ஓசிப் படங்கள் ஒரே நேரத்தில் மறைந்ததில், வானத்தில் மேகம் கலைந்ததாகக் கேள்வி.

மீரா சாகிபு வாழைப்பழத்தை உரித்துத் தின்றபடி கேட்டார். “அப்ப கல்யாணம் இல்லையா? தட்டு கொண்டாந்திருக்கே?”

காளிதாசன் பதில் சொல்வதற்குள் பிரேமாவதி பின்னாலிருந்து சொன்னாள். “பழம் தின்னுட்டீங்கல்ல பாய்? அப்ப வரணும்.”

“பின்ன வராமயா? சைவ பிரியாணி என் பொறுப்பு.”

அடுத்து பாப்பம்மா வீட்டுக்குப் போகும் செர்டாங் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. காளிதாசன் பலமுறை தட்டைப் பார்த்தார்.

“பிரேமா, மன்னிப்புக் கேக்கற தட்டுல குங்குமம் எதுக்கு?”

அவள் கண்ணாடி வழியாக மரங்களைப் பார்த்தாள். “இருக்கட்டும்னு வெச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வாரம் ஆகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சோறு, துணி, மழை தவிர வேறு பேசாத வீட்டில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படம் பார்த்திருக்கிறார். கறுப்பாக வந்த அந்தச் சுருள் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் பிரேமாவதி அதை வெயிலில் பிடித்து, ஒவ்வொரு கட்டமாகத் தன்னைத் தேடிப் பார்த்திருக்கிறாள். ஒன்றிலாவது ஒரு மூக்கு தெரியாதா என்று.

பாப்பம்மா வீட்டு வாசலில் காடி நின்றது. தட்டு அவர்கள் நடுவில் இருந்தது. பிரேமாவதி அதைத் தொடவில்லை. இதுவரை கல்யாணத்துக்குக் கூப்பிட்டது அவள். இது அவருடைய சொந்த அக்கா வீடு. தட்டைக் காடியிலேயே விட்டுவிட்டுப் போனால் மன்னிப்போடு முடியும். மற்ற இரண்டு இடங்களிலும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால் அக்காவிடம் தட்டை நீட்டிவிட்டுத் திரும்ப வாங்கிய ஆண்மகன் இதுவரை கெடாவில் பிறக்கவில்லை.

காளிதாசன் இறங்கினார். மறுபக்கம் சுற்றிவந்து கதவைத் திறந்து, தட்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

பாப்பம்மா கூடத்து நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“யாரு வந்திருக்கறது? போன்ல கல்யாணம் பண்றவனா? இங்க எதுக்கு வந்தே, போன்லயே வரவேண்டியதுதானே?”

“தொறந்தியாக்கா அதை?”

“நான் ஏன் தொறக்கறேன்? நீ பொறந்தப்ப ஆத்தாளுக்கு வெந்நி வெச்சுக் குடுத்தவ நானு. எனக்கு போன்ல அழைப்பு. தூக்கி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்.”

“அது திருட்டுப்பய அனுப்பினதுக்கா. அதை அழிச்சிடு.” காளிதாசன் முன்னால் வந்து தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். “இது நான் கொண்டாந்தது. ஆவணில எனக்கும் பிரேமாவுக்கும் அறுபதாம் கல்யாணம். நீ முன்னாடி நிக்கணும்.”

பின்னால் பிரேமாவதி வாயைத் திறந்து வைத்திருந்தாள். அடுத்து சொல்ல அவள் தயாராக வைத்திருந்த வசனம் அப்படியே நின்றுபோனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்றாள்.

பாப்பம்மா திரும்பினார். குங்குமத்தை எடுத்து முதலில் பிரேமாவதிக்கு வைத்தார்.

“பொண்ணு இவதானா?”

“பழைய பொண்ணுதான்க்கா.”

“பாவம் இவ, ரெண்டாவது வாட்டியுமா? சரி வாங்க, சாப்பிடுங்க.”

பிறகு சாந்தினி விசாரித்துப் பார்த்ததில் ஓர் அதிசயம் தெரிந்தது. காளிதாசன் கைப்பேசியிலிருந்து அழைப்பு போன அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த ஃபைலைத் திறக்கவில்லை. ‘தட்டு வைக்காமல் கூப்பிட்டவன் அழைப்பிதழைத் திறந்து பார்க்க எங்களுக்கு என்ன தலையெழுத்து’ என்று கூலிமிலும் லூனாசிலும் பாகான் செராய் வரையிலும் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உலகத்துத் திருடர்கள் எல்லாரும் கூடி எழுதிய நிரல், கெடாத் தமிழனின் ரோஷத்தில் மோதிச் சுக்குநூறானது. தொடப் போன ஒரே ஒருவரையும் மீன் குழம்பு காப்பாற்றியது.

கைப்பேசியைக் கடையில் கொடுத்துச் சுத்தமாகத் துடைத்தார்கள். சேர்த்து வைத்த படங்கள் அத்தனையும் போயின. காளிதாசன் துக்கம் கொண்டாட நேரம் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டோடு போக வேண்டியிருந்தது. போன இடமெல்லாம் தேநீர். அவர் குடித்த தேநீரை ஊற்றியிருந்தால் மூடா ஆறு கரை புரண்டிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் கிரீடக்காரியின் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவள் கிரீடம் ஒரு சாண் வளர்ந்தது. கதை முடிந்ததும் வீட்டில் இருப்பவர்கள் சத்தமில்லாமல் தங்கள் கைப்பேசிகளைத் தடவி எதையெதையோ அழிப்பார்கள். முட்டி வலி எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மழை ஒரு சொட்டு இல்லை. போட்டோ எடுக்க மூன்று கேமராக்காரர்கள், மேலே பறக்கும் கேமரா வேறு. அது தாழ்ந்து வந்தபோது ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுக் குனிந்துகொண்டார். உறுமி மேளம் அடித்த அடியில் பக்கத்துத் தோட்டத்தில் பழுக்காத குலைகளும் பழுத்தன. பிரேமாவதியை மாலையோடு நிற்க வைத்து, உட்கார வைத்து, சிரிக்க வைத்து, சிரிக்காமல் வைத்து எடுத்தார்கள். போதுமா என்று கேட்டபோது இன்னொன்று என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்தார்கள். பிரேமாவதி மாலையைக் கழற்ற மறுத்துவிட்டாள். ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். உச்சக்கட்டத்தில் செருப்போடு அறுந்துபோன அந்தப் படம், பளிச்சென்று நேராக ஓடத் தொடங்கியது.

“இது எப்ப வந்துச்சு?”

“நீங்க ரூம்ல அனுமதி அனுமதின்னு அமுக்கிக்கிட்டு இருந்தப்ப நான் இங்க இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வில்லன் யாருன்னு சொல்லட்டா?”

“வாயைத் தொறக்காத.”

காளிதாசன் பழக்கதோஷத்தில் கழுத்தைச் சாய்த்தார். படம் சாய்ந்து தெரிந்தது. நிமிர்த்தினார். கதாநாயகன் அழுதான், யாரும் முறுக்கு தின்னவில்லை. கதாநாயகி வெட்கப்பட்டாள், அடியில் எதுவும் ஊரவில்லை. இடைவேளை நெருங்கியதும் அவர் முன்னால் குனிந்து திரையையே உற்றுப் பார்த்தார். இடைவேளை வந்தது, போனது.

“என்னா தேடறீங்க?”

“அந்தச் சுருட்டை முடிக்காரன். எழுந்து போவான்ல, அவனைக் காணோம்.”

“அவன் இன்னிக்கு நம்ம கல்யாணத்துக்கு வந்திருந்தான். பந்தில கடைசி எலை” என்றாள் பிரேமாவதி, மாலையைச் சரிசெய்தபடி.

காளிதாசன் பதறிப்போய்த் திரும்பினார்.

“பாயசம் ஊத்தினாங்களா அவனுக்கு? சர்க்கரைக்காரன்லா.”